செகசிற்பியார்: நானூறு ஆண்டுகளாகப் பூட்டப்படாத கடை

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வந்த பின்னர் உயர்தரத்துக்கான பாடத் தெரிவுப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டு சென்றேன். தமிழ், இஸ்லாமிய நாகரிகம் ஆகிய இரண்டையும் வாசித்து வாப்பா தலையசைத்தார். மூன்றாவதாக நான் எழுதியிருந்தது ‘நாடகமும் அரங்கியலும்’. அந்த இடத்தில் அவருடைய விரல் நின்றுவிட்டது.

நமுனுகுல கடைவீதியில் எங்களுக்கு ஒரு சிறிய புடவைக் கடை இருக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களின் சம்பள நாளை வைத்துத்தான் எங்கள் வீட்டில் மாதம் தொடங்கும். எதையும் வரவு செலவாகப் பார்ப்பது வாப்பாவின் பழக்கம்.

“நாடகம் படிச்சு என்ன மகள் செய்யப் போறீங்க?” என்று கேட்டார்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்த பெயரைச் சொன்னேன். “உலகமே ஷேக்ஸ்பியரைப் படிக்குது வாப்பா.”

“அந்த மனிசன் மௌத்தாகி எத்தன வருஷம்?”

“நானூறுக்கு மேல.”

“நானூறு வருஷத்துக்கு முந்தின சரக்க இன்னுமா ஆக்கள் வாங்குறாங்க? அதால ஆருக்கு என்ன லாபம்? கணக்கோட எழுதிக்கொண்டு வாங்க, பார்ப்போம்.”

படிவத்தை மடித்துக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துவிட்டார். இந்தக் கட்டுரை அன்று அவர் கேட்ட கணக்குத்தான். இதே கேள்வி வேறு வீடுகளிலும் எழுந்திருக்கும் என்பதால், தங்கைமாருக்கும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று நமது சஞ்சிகையில் தருகிறேன்.

கையுறைக்காரரின் மகன்

வில்லியம் ஷேக்ஸ்பியர் 1564ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்ட்ராட்போர்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தோலில் கையுறை தைத்து விற்றவர். ஷேக்ஸ்பியர் பல்கலைக்கழகம் சென்றதில்லை. லண்டனுக்குச் சென்று நடிகராகி, பின்னர் நாடகங்கள் எழுதினார். 1616இல் தமது ஊரிலேயே காலமானார். ஏறத்தாழ 37 நாடகங்களும் 154 சொனெற் கவிதைகளும் அவர் பெயரில் நிற்கின்றன.

அவரும் வியாபாரம் தெரிந்தவர் என்பதை வாப்பாவுக்காகவே குறித்துக்கொண்டேன். அக்காலத்தில் நாடகம் எழுதுபவர் அதைக் குழுவுக்கு ஒரு தொகைக்கு விற்றுவிடுவார். அதற்குப் பின் அந்த நாடகம் எத்தனை முறை ஓடினாலும் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஷேக்ஸ்பியர் எழுதியதோடு நிற்காமல் தமது நாடகக் குழுவில் பங்காளியாகவும் ஆனார். 1599இல் தேம்ஸ் நதிக்கரையில் குளோப் அரங்கு கட்டப்பட்டபோது அதிலும் பங்கு வைத்திருந்தார். ஒரு பென்னி கொடுத்து நின்றுகொண்டு பார்த்த தொழிலாளிகளும், அதிகம் கொடுத்து மேலே அமர்ந்து பார்த்த பிரபுக்களும் தந்த காசில் அவருக்கு வருமானம் வந்தது. 1597இல் சொந்த ஊரில் பெரிய வீடொன்றை வாங்கினார்.

இரண்டு நண்பர்கள் காப்பாற்றிய முதல்

ஷேக்ஸ்பியர் இறந்தபோது அவருடைய நாடகங்களில் ஏறத்தாழப் பாதி அச்சில் இல்லை. குழுவினரின் கையெழுத்துப் பிரதிகளாக மட்டுமே இருந்தன. நாடக அரங்குகள் மரத்தால் கட்டப்பட்டு ஓலை போன்ற வைக்கோற் கூரையால் வேயப்பட்டிருந்த காலம் அது. 1613இல் ஒரு நாடகத்தின் நடுவே வெடித்த பீரங்கியின் பொறி பட்டுக் குளோப் அரங்கே எரிந்து போனது. காகிதம் எம்மாத்திரம்?

அவரோடு நடித்த ஜோன் ஹெமிங்ஸ், ஹென்றி கொண்டெல் என்ற இரு நண்பர்கள், அவர் இறந்து ஏழு ஆண்டுகளின் பின் 1623இல், 36 நாடகங்களைத் திரட்டி ஒரே பெருநூலாக வெளிக்கொணர்ந்தனர். இது ‘முதல் ஃபோலியோ’ என்று அழைக்கப்படுகிறது. இவற்றுள் 18 நாடகங்கள் முதன்முறையாக அச்சேறியது இந்த நூலில்தான். ‘மக்பெத்’, ‘ஜூலியஸ் சீசர்’, ‘புயல்’ என்று இன்று உலகம் கொண்டாடும் நாடகங்கள் அந்தப் பதினெட்டில் அடங்கும். அந்த இரு நண்பர்களும் சோம்பி இருந்திருந்தால் அவற்றை நாம் ஒருபோதும் அறிந்திருக்க மாட்டோம்.

ஏறத்தாழ 750 பிரதிகள் அச்சிடப்பட்டதாக அறிஞர்கள் கணிக்கின்றனர். கட்டிய பிரதி ஒன்றின் விலை ஒரு பவுண் அளவில் இருந்தது. இன்று உலகில் எஞ்சியிருப்பவை 235 அளவில்தான். அவற்றில் 82 பிரதிகள் அமெரிக்காவின் வொஷிங்டன் நகரிலுள்ள ஃபோல்ஜர் நூலகம் ஒன்றிலேயே உள்ளன. 2020 ஒக்டோபரில் நியூயோர்க் ஏலமொன்றில் ஒரு பிரதி ஏறத்தாழ ஒரு கோடி டொலருக்கு விலை போனது.

பணக் கணக்கு

பழைய புத்தகத்தின் ஏல விலை ஒரு தனி மனிதரின் பெட்டிக்குள் போவது. அதைவிடப் பெரிய வியாபாரம் நாள்தோறும் நடக்கிறது.

ஸ்ட்ராட்போர்ட் சிறிய ஊர். அவர் பிறந்த வீட்டையும் அடக்கத்தலத்தையும் பார்க்க ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் அங்கே வருகிறார்கள். விடுதி, உணவகம், பேருந்து, வழிகாட்டி, அருங்காட்சியகம், நாடக அரங்கு என்று ஊரின் பெரும்பகுதி அந்த ஒருவரின் பெயரால் உழைத்து உண்கிறது. லண்டனில் பழைய குளோப் அரங்கின் மாதிரியை அது இருந்த இடத்துக்கு அண்மையில் மீண்டும் கட்ட வேண்டும் என்று பல ஆண்டுகள் பாடுபட்டவர் சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர். அவர் 1993இல் இறந்துவிட்டார். அரங்கு 1997இல் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே நின்றுகொண்டு பார்ப்பவர்களுக்குக் குறைந்த விலையில் சீட்டு உண்டு.

திரைப்படத்துக்கு வருவோம். ‘ரோமியோவும் ஜூலியற்றும்’ கதையை நியூயோர்க் தெருச் சண்டையாக்கிய ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ 1957இல் இசை நாடகமானது. 1961இல் படமாகிப் பத்து ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. யப்பானில் அகிரா குரோசாவா ‘மக்பெத்’தை 1957இலும் ‘லியர் அரச’னை 1985இலும் சாமுராய்களின் கதையாக எடுத்தார். இந்தியாவில் விஷால் பரத்வாஜ் ‘மக்பெத்’தை ‘மக்பூல்’ (2003) என்றும், ‘ஒதெல்லோ’வை ‘ஓம்காரா’ (2006) என்றும், ‘ஹம்லெட்’டைக் காஷ்மீரில் நிகழும் ‘ஹைதர்’ (2014) என்றும் எடுத்தார். நம்மில் பலர் சிறுவயதில் பார்த்த ‘லயன் கிங்’ படத்தில், சிற்றப்பன் அரசனைக் கொல்ல மகன் நியாயம் தேடுகிறான். ‘ஹம்லெட்’டின் எலும்புக்கூடு அதுதான்.

இவர்களில் எவரும் ஷேக்ஸ்பியருக்கோ அவர் வாரிசுகளுக்கோ ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. அதற்குப் பின் அந்த ஆக்கம் எல்லோருக்கும் பொது. பொதுக் கிணற்றில் எவரும் நீர் அள்ளுவது போல, ஷேக்ஸ்பியரை எவரும் எடுத்து ஆளலாம். ஆகவே அவருடைய நாடகங்கள் ஈட்டும் பணம் ஒரே பெட்டிக்குள் சேர்வதில்லை. நடிகர், தையற்காரர், தச்சர், மின்விளக்குக்காரர், அச்சகத்தார், மொழிபெயர்ப்பாளர், ஆசிரியர் என்று ஆயிரம் கைகளுக்குப் பிரிந்து போகிறது.

ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளில் எல்லாம் பள்ளிக்கூடங்களிலும் பரீட்சைகளிலும் ஷேக்ஸ்பியரை வைத்தார்கள் என்பதையும் இங்கே நேர்மையாக எழுத வேண்டும். தேயிலைச் செடி எந்த ஆட்சியோடு இந்த மலைகளுக்கு வந்ததோ, அதே ஆட்சியோடுதான் அவரும் வந்தார். சரக்கு நல்லது என்பது உண்மை. அதைச் சுமந்து செல்ல ஒரு பேரரசின் கப்பல்கள் இருந்தன என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கப்பல்கள் திரும்பிப் போய்ப் பல தசாப்தங்கள் ஆன பின்னரும் மக்கள் அவரை விடவில்லை. 2012இல் லண்டன் குளோப் அரங்கில் 37 நாடகங்கள் 37 மொழிகளில் நடந்தன. காபூலிலிருந்து வந்தவர்கள் தாரி மொழியிலும், டாக்காக் குழுவினர் வங்காளத்திலும், பாகிஸ்தானியர் உருதுவிலும், பலஸ்தீனர் அரபியிலும் நடித்தார்கள். தமிழும் சிங்களமும் அந்தப் பட்டியலில் இல்லை. அதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது.

ரூபாயில் அடங்காத வரவு

தென்னாபிரிக்காவின் றொபன் தீவுச் சிறையில் நெல்சன் மண்டேலாவோடு சனி வெங்கடரத்னம் என்ற கைதியும் இருந்தார். டர்பனைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினர். 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட இந்தியர்களின் சந்ததியினர் நிறைந்து வாழும் நகரம் டர்பன். நமது தோட்டங்களின் வரலாற்றுக்கு அது தூரத்து உறவு. வெங்கடரத்னம் தம்மிடம் இருந்த ஷேக்ஸ்பியர் முழுத்தொகுப்புக்குத் தீபாவளி வாழ்த்து அட்டைகளால் உறையிட்டு, அது தமது வேதநூல் என்று காவலரிடம் சொல்லி வைத்துக்கொண்டார். கைதிகள் அதை மாறி மாறி வாசித்து, தமக்குப் பிடித்த இடத்தில் கையொப்பமிட்டார்கள். மண்டேலா 1977 டிசம்பர் 16ஆம் திகதி ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், கோழைத்தனத்தையும் மரணத்தையும் பற்றிச் சீசர் பேசும் இடத்தில் கையொப்பமிட்டார். அந்தப் பக்கம் அவருக்குத் தந்த தைரியத்துக்கு விலை போட எந்தத் தராசும் இல்லை.

இன்னொன்று நமக்கே நெருக்கமானது. என் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் ‘இலங்கைச் சோனகர்’ என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை ‘மூர்’ என்று எழுதுவார்கள். 1505இல் இங்கே வந்த போர்த்துக்கேயர், தம் நாட்டில் மொரோக்கோ முஸ்லிம்களை அழைத்த பெயரையே நம் முன்னோருக்கும் வைத்தார்கள். ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தின் முழுப்பெயர் ‘ஒதெல்லோ, வெனிஸ் நகரத்து மூர்’. நாடகத்தில் ஒதெல்லோ கிறிஸ்தவராக வருகிறார். ஆயினும் அந்தச் சொல்லை முதன்முதலில் புத்தக அட்டையில் பார்த்தபோது, தெரியாத ஊரில் சொந்தக்காரர் பெயரைப் பலகையில் கண்டது போலிருந்தது.

1600ஆம் ஆண்டில் மொரோக்கோ சுல்தானின் தூதராக அப்துல் வாஹித் பின் மஸ்ஊத் என்பவர் முதலாம் எலிசபெத் அரசியிடம் வந்து லண்டனில் பல மாதங்கள் தங்கினார். அப்போது வரையப்பட்ட அவருடைய ஓவியம் இன்றும் ஸ்ட்ராட்போர்ட்டில் இருக்கிறது. சில ஆண்டுகளின் பின் ‘ஒதெல்லோ’ எழுதப்பட்டது. தலைப்பாகையும் வாளுமாக நின்ற அந்தத் தூதரே ஷேக்ஸ்பியரின் மனத்தில் இருந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. எல்லோராலும் மதிக்கப்பட்ட, நிறத்தாலும் பிறப்பாலும் வேறான ஒரு தளபதியை ஒருவன் எப்படி வதந்தியால் அழிக்கிறான் என்பதே அந்த நாடகம். வதந்தி என்ன செய்யும் என்பதை இந்த நாட்டில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

கலீல் முத்ரான் என்ற கவிஞர் 1912இல் இந்த நாடகத்தை அரபியில் தந்தார். ஷேக்ஸ்பியர் உண்மையில் ‘ஷேக் ஸுபைர்’ என்ற அரபிதான் என்று அரபுலகில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. வேடிக்கைதான். ஆனாலும் பிறத்தியான் ஒருவரை ‘எங்கட ஆள்’ என்று சொல்ல ஆசைப்படுவது சாதாரண மதிப்பு அல்ல.

தமிழுக்கு வந்த செகசிற்பியார்

அரபிகள் வேடிக்கையாகச் செய்ததை நம்மவர் ஒருவர் மெய்யாகவே செய்தார். மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், ஷேக்ஸ்பியருக்குச் ‘செகசிற்பியார்’ என்று பெயர் சூட்டினார். செகத்தைச் செதுக்கிய சிற்பி என்பது பொருள். ஒலியும் கெடவில்லை, பொருளும் கிடைத்துவிட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக 1926இல் நூலாக வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில், பழந்தமிழ் நாடக இலக்கணத்தை ஆராய்ந்த அவர், அதற்கு எடுத்துக்காட்டாகச் செகசிற்பியாரின் 12 நாடகங்களைத் தமிழ் வாசகருக்கு விளக்கினார். பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவரும் அவரே. நாடகம் படிப்பது அறிவாளிகளின் வேலை அல்ல என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரை நினைவூட்டலாம்.

அவருக்கு முன்பே தமிழ்நாட்டில் பம்மல் சம்பந்த முதலியார் அந்த வேலையைத் தொடங்கியிருந்தார். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவிய அவர், ‘ஹம்லெட்’டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். ‘மக்பெத்’ ‘மகபதி’ ஆனது. ‘வெனிஸ் வர்த்தகன்’ ‘வாணிபுர வணிகன்’ ஆனது. ‘சிம்பலின்’ என்ற நாடகம் ‘சிம்ஹளநாதன்’ என்ற பெயரில் நமது தீவுக்கே உரிமையானது. அந்தச் சபையார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கும் வந்து நடித்தனர். அதனால் தூண்டப்பட்ட கலையரசு க. சொர்ணலிங்கம் இங்கே நாடக சபை அமைத்து, ஈழத்துத் தமிழ் நாடகத்தின் முன்னோடியானார்.

முஸ்லிம்களுக்கு நாடகம் புதியது என்று எண்ணவும் வேண்டாம். ‘இராச நாயகம்’ பாடிய வண்ணக்களஞ்சியப் புலவரின் பெயரிலேயே ‘அலி பாதுஷா நாடகம்’ என்ற தமிழ் நாடகம் ஒன்று இருக்கிறது.

இவற்றை எல்லாம் எழுதிக்கொண்டிருந்த ஓர் இரவு மின்சாரம் போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாப்பாவுக்கு ‘வாணிபுர வணிகன்’ கதையைச் சொன்னேன். நண்பனுக்காக வட்டிக்காரனிடம் மூவாயிரம் பொன்னுக்குக் கைச்சாத்திடும் வணிகன், தவணை தவறினால் உடலில் ஓர் இறாத்தல் சதை என்ற நிபந்தனை, கடலில் போன கப்பல்கள் வராமற் போவது, சட்டத்தரணி வேடத்தில் வந்து வாதாடும் போர்ஷியா என்ற பெண். வட்டி ஹராம் என்பதால் வாப்பா அந்த வட்டிக்காரனைத் திட்டுவார் என்றே எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதுக்கு முந்தி அந்த வணிகன் இவனுக்கு என்ன செஞ்சான்?” என்று கேட்டார்.

“வேற சாதி எண்டு நடுத்தெருவில துப்பினான் வாப்பா.”

“அதானே பார்த்தேன். துப்பினவன்கிட்ட ஆரு நியாயம் பேசுவா? ரெண்டு பேரிலயும் பிழ இருக்கு.”

ஷைலொக் என்ற அந்தப் பாத்திரத்தைப் பற்றி உலகப் பல்கலைக்கழகங்கள் இன்றும் நடத்தும் விவாதம் இதுவே. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் வாப்பா, மெழுகுவர்த்தி பாதி எரிவதற்குள் அதற்குள் நுழைந்துவிட்டார். நானூறு ஆண்டுப் பழைய சரக்கு ஏன் விலை போகிறது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

நமுனுகுலவின் பெயர் தெரியாத நாடகாசிரியர்

கணக்கை முடிக்குமுன் நம் ஊரையும் பார்க்க வேண்டும். நமுனுகுல மலைத்தொடர் 2036 மீற்றர் உயரம். ஒன்பது சிகரங்கள் என்பது பெயரின் பொருள் என்பார்கள். அதன் சரிவுகளிலுள்ள தோட்டங்களில் மாசி மாதம் பிறந்தால் தப்புச் சத்தம் கேட்கும். காமன் கூத்து தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மன்மதனும் ரதியும் மணம் முடிப்பதும், சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிக்கப்படுவதும், ரதி புலம்புவதும் கதை. அது நம் அயலவரின் வழிபாட்டோடு சேர்ந்தது. அந்த வகையில் அது அவர்களுக்கு உரியது. ஆனால் பகல் முழுதும் மலையில் வேலை செய்தவர்கள் இரவில் ராஜாவாகவும் ராணியாகவும் எமனாகவும் நிற்பதைக் கடைவாசலிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். ரதியாக வருபவர் ஓர் ஆண்தான். ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்திலும் பெண் வேடங்களைப் பையன்களே ஏற்றார்கள். 1660 டிசம்பரில்தான் லண்டன் தொழில்முறை மேடையில் ஒரு பெண் முதன்முதலாகத் தோன்றினார். அவர் ஏற்றது ‘ஒதெல்லோ’வின் மனைவி டெஸ்டிமோனாவின் வேடம்.

மாசி பிறக்குமுன்பே எங்கள் கடைக்குக் கூத்து மாஸ்டர் வந்துவிடுவார். சிவப்பிலும் நீலத்திலும் சாட்டின், மன்மதனுக்கு ஜரிகைக் கரை, ரதிக்குச் சேலை என்று யார் கணக்கில் வாங்குவார். பாதிக் காசு கையில், மீதி அடுத்த சம்பளத்தில். கடைவீதியில் வளையல்காரருக்கும் தேநீர்க் கடைக்காரருக்கும் அந்த நாட்களில் நல்ல விற்பனை.

எனவே கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் வாப்பாவுக்கு ஒரு கேள்வி எழுதினேன்: “மாசி மாதத்தில் நம்முடைய கடையில் எத்தனை யார் சாட்டின் போகிறது? அந்தக் கூத்தை எழுதியவர் யார்?”

முதல் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு ஊரில் யாரிடமும் இல்லை. பெயர் தெரியாத ஒரு நாடகாசிரியர் ஸ்ட்ராட்போர்ட்டில் நடப்பது போலவே எங்கள் கடைவீதிக்கும் வியாபாரம் தந்துகொண்டிருக்கிறார். அவருக்கு இல்லாதது ஒரு ஹெமிங்ஸும் ஒரு கொண்டெல்லும்.

கணக்கு முடிந்த விதம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின், கடையில் ஆள் குறைந்த நேரத்தில் வாப்பா இதைப் பென்சிலும் கையுமாக வாசித்தார். 750 பிரதி, 235 பிரதி என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். “அந்த ரெண்டு கூட்டாளிமார் இல்லாட்டி இந்தக் கட எப்பவோ பூட்டு” என்றார். பிறகு, “மாஸ்டர்ட கொப்பி எங்க இருக்கு?” என்று கேட்டார்.

மாஸ்டரின் கொப்பியை நானும் பார்த்திருக்கிறேன். அவருடைய தகப்பனார் கையால் எழுதியது. லயத்தில் கூரை ஒழுகி ஓரங்களில் மை கலைந்திருக்கிறது. நடுவே சில தாள்கள் இல்லை. அந்த வரிகள் மாஸ்டரின் ஞாபகத்தில் மட்டுமே உள்ளன. அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

அடுத்த வாரம் வாப்பா அவரைப் பசறைக்கு அழைத்துச் சென்று கொப்பியைப் போட்டோப் பிரதி எடுத்தார். “எதுக்கு முதலாளி இவ்வளவு செலவு?” என்று மாஸ்டர் கேட்டாராம். “சாட்டின் கணக்கில சேர்த்துக்கொள்ளுவோம்” என்றாராம் வாப்பா. ஒரு பிரதி மாஸ்டருக்கு. ஒன்று எங்கள் கல்லாப்பெட்டியில். ஒன்று என்னிடம். தொலைந்த தாள்களின் பாட்டுக்களை மாஸ்டர் சொல்லச் சொல்ல விடுமுறை நாட்களில் எழுதி வருகிறேன்.

படிவத்திலும் கையொப்பம் விழுந்தது, இரண்டு வார்த்தைகளோடு. “இங்கிலீஷயும் விடக் கூடாது. அந்த மனிசன அவர்ட பாஷையிலயே வாசிக்கோணும்” என்பது ஒன்று. “மேடை ஏறுறதப் பத்தி இன்னொரு நாளைக்குப் பேசுவோம்” என்பது மற்றது. அந்தப் பேச்சு இன்னும் நடக்கவில்லை.

பெற்றோரே, நாடகம் படிக்கும் எல்லோரும் நடிகைகளாகப் போவதில்லை. ஆசிரியராகலாம், மொழிபெயர்ப்பாளராகலாம், வானொலிக்கு எழுதலாம், பழைய ஏடுகளைப் பதிப்பிக்கலாம். மனிதர் பேசுவதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கப் பழகிய பிள்ளை எந்தத் தொழிலிலும் பின்நிற்காது.

தங்கைமாரே, உங்கள் வீட்டிலும் ஒரு மூத்தம்மா இருப்பார். தாலாட்டோ, பைத்தோ, கதையோ, கல்யாண வீட்டுப் பாட்டோ அவர் வாயில் இருக்கும். இந்த விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். சொன்னவர் பெயரையும் ஊரையும் திகதியையும் மறக்காமல் எழுதுங்கள். உலகத்தின் மிகப் பெரிய நாடக வியாபாரமும் இப்படி ஒரு புத்தகத்திலிருந்துதான் தொடங்கியது.